குறிப்புரை நூலடைவு கற்பித்தல்: எம். புதுப்பட்டி வட்டாரப் பட்டாசுத் தொழில் சான்றுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் ஆய்வேடுகளில் துணைநூற்பட்டியல் ஓர் இறுதிச் சடங்காக நின்றுவிடுகிறது. அதனைக் குறிப்புரையோடு எழுதப் பயிற்றும் இடங்களிலும் குறிப்புரை என்பது நூற்சுருக்கமாகவோ அணிந்துரையாகவோ அமைந்துவிடுகிறது. ஒரு சான்று எதற்குச் சாட்சியாகும், எதற்கு ஆகாது என்னும் தீர்ப்பே குறிப்புரையின் உயிர் என்பதை இக்கட்டுரை சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய சான்றுகளின் துணையோடு வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: குறிப்புரை, நூலடைவு, பாயிரம், சான்று மதிப்பீடு, சிவகாசி, எம். புதுப்பட்டி.

யாரும் படிக்காத பக்கங்கள்

முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்கள் முதன்மை ஆதாரங்கள், துணைமை ஆதாரங்கள், அகராதிகள், இதழ்கள், இணையதளங்கள் என்று அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். நெறியாளர் அதில் ஊற்றுப்பிழை பார்ப்பார். புறத்தேர்வாளர் தம் நூல் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டுக் கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகள் ஒப்புமைச் சோதனையிலிருந்து நூற்பட்டியலை விலக்கி வைத்தன. அது நியாயமான விலக்கே. எனினும் மென்பொருளும் படிக்காத, மனிதரும் படிக்காத பகுதியாக நூற்பட்டியல் ஆகிவிட்டதற்கு அதுவும் ஒரு துணைக் காரணம்.

2019 இறுதியில் அறிமுகமான ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்னும் இரண்டு மதிப்பலகுப் பாடம் தரவுத்தளங்களையும் மேற்கோள் அளவைகளையும் கற்பிக்கிறது. ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றி நூறு சொற்களில் நேர்மையாக எழுதுவது எப்படி என்பதைக் கற்பிக்க அதில் தனி இடம் இல்லை. முன்பு அப்பயிற்சி ஓரளவேனும் நடந்த இளமுனைவர் படிப்பு 2022ஆம் ஆண்டு விதிகளோடு முடிவுக்கு வந்துவிட்டது. ஆகவே குறிப்புரை நூலடைவு இன்று பெரும்பாலும் நெறியாளரின் தனிப்பட்ட அக்கறையைப் பொறுத்தே கற்பிக்கப்படுகிறது. அவ்வாறு கற்பிக்கப்படும்போது என்ன கற்பிக்கப்படுகிறது என்பதே இங்கு எழும் வினா.

அணிந்துரையாகும் குறிப்புரை

மாணவர் எழுதும் குறிப்புரைகளின் பொதுவடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: ‘இந்நூல் சிவகாசியின் தொழில் வளர்ச்சியை விரிவாக எடுத்துரைக்கிறது. ஆசிரியர் எளிய நடையில் பல அரிய செய்திகளைத் தந்துள்ளார். இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர்க்கு இது பெரிதும் பயன்படும்.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆயினும் ‘சிவகாசி’ என்பதை எடுத்துவிட்டு ‘சென்னிமலை’ என்று போட்டாலும் குறிப்பு அப்படியே நிற்கும். நூலை மாற்றினாலும் நிற்கக்கூடிய குறிப்பு எந்த நூலுக்கும் உரிய குறிப்பு அன்று.

இதற்கு மாணவரை மட்டும் குறை சொல்வது பொருந்தாது. தமிழில் ஒரு நூலைப் பற்றிச் சுருக்கமாக எழுதும் மரபு பாயிரத்திலிருந்து தொடங்குகிறது. நன்னூல் கூறும் சிறப்புப்பாயிரத்தின் கூறுகளில் நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டும் இல்லை. அந்நூல் எதன் வழியே வந்தது, எந்நிலப்பரப்பில் வழங்குவது, எதைக் கருதியது, யார் கேட்பதற்கு உரியது, என்ன பயன் தருவது என்பனவும் உள்ளன. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உண்டு. இன்று மேலைப் பல்கலைக்கழகங்கள் குறிப்புரைக்கு வகுத்துத் தரும் படிவங்களோடு இதனை ஒப்பிட்டால் விடுபடுவது மிகக் குறைவு. ‘வழி’ என்னும் ஒரு கூறு அப்படிவங்கள் பலவற்றைவிடக் கூர்மையானது. அது நூலின் அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. ‘எல்லை’ பழைய உரைகளில் நூல் வழங்கும் நிலத்தைக் குறித்தது; குறிப்புரையில் அதனைச் சான்று செல்லுபடியாகும் பரப்பு என்று விரித்துக் கொள்ளலாம்.

ஆனால் பாயிரம் சிறப்பிப்பதற்காக எழுதப்படுவது. தன்னைத் தான் புகழ்தல் தகாது என்பதனால்தான் அதனைப் பிறர் எழுத வேண்டியதாயிற்று. அப்புகழ்ச்சியே இருபதாம் நூற்றாண்டில் அணிந்துரையாயிற்று. அதுவே இன்று மாணவரின் குறிப்புரையில் வந்து அமர்கிறது. பாயிரத்தின் கூறுகளைக் கைவிட்டு அதன் குரலை மட்டும் வைத்துக்கொண்டதே நேர்ந்த பிழை.

தமிழ் அச்சுநூல்களுக்குக் குறிப்போடு கூடிய பெரும்பட்டியலை முதலில் தந்தவர்களுள் ஜான் மர்டாக் முதன்மையானவர். 1865இல் சென்னையில் வெளிவந்த அவருடைய வகைப்படுத்தப்பட்ட அட்டவணையில் புகழ்ச்சிக் குரல் இல்லை. மாறாக, மதப்பரப்பாளரின் குரல் இருக்கிறது. எந்நூல்களைத் தமிழர் படிக்கின்றனர் என்று கிறித்தவக் கல்விப் பணியாளர் அறிந்துகொள்வதற்காகத் தொகுக்கப்பட்ட அந்நூலை இன்றும் பதிப்பு வரலாற்றாளர் புறந்தள்ள முடியாது. அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1867இல் வந்த அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டத்தின்படி மாகாண அரசுகள் வெளியிட்ட காலாண்டுப் பட்டியல்களின் நிலையும் இதுவே. வங்காளப் பட்டியல்களின் கருத்துப் பத்தி எவ்வாறு கண்காணிப்பின் கருவியாகவும் இலக்கிய விமரிசனமாகவும் ஒருங்கே இயங்கியது என்பதை இராபர்ட் டார்ண்டன் எடுத்துக்காட்டியுள்ளார். குறிப்புரை எழுதுபவரின் நோக்கம் குறிப்புரையில் படியாமல் இராது. அந்நோக்கம் இன்னதென்று எழுதுபவர்க்கே தெரிந்திருக்க வேண்டும். இன்றைய மாணவர்க்குத் தம் ஆய்வு வினாவே அந்நோக்கம். வினா இல்லாத இடத்தில் புகழ்ச்சி நுழைந்துவிடுகிறது.

ஊர்ப்பெயர் என்னும் முதல் தடை

இதனை ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் வைத்துப் பார்ப்பது நன்று. எம். புதுப்பட்டி சிவகாசியை ஒட்டிய பட்டாசு வட்டாரத்தைச் சேர்ந்த ஊர். அங்கிருந்து ஒரு மாணவர் தம் வட்டாரத் தொழிலைப் பற்றிக் குறிப்புரை நூலடைவு தயாரிக்க முற்பட்டால் முதல் சிக்கல் ஊர்ப்பெயரிலேயே தொடங்கிவிடும். புதுப்பட்டி என்னும் பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்கள். அதே விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை ஒட்டி வ. புதுப்பட்டி இருக்கிறது. தலைப்பெழுத்தை விட்டுவிட்ட ஒரு நாளிதழ்ச் செய்தி எந்தப் புதுப்பட்டியைக் குறிக்கிறது என்பதை அச்செய்தியில் வரும் காவல் நிலையம், பக்கத்து ஊர்கள் ஆகியவற்றைக் கொண்டே உறுதி செய்ய முடியும். அவ்வுறுதி குறிப்புரையில் பதிவாக வேண்டும்.

இதைவிடப் பெரியது மாவட்டப் பெயர். சிவகாசிப் பகுதி 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; அதன்பின் இராமநாதபுரம்; 1985 மார்ச் 15 முதல் காமராசர் மாவட்டம்; மாவட்டங்களுக்கு வைத்த தலைவர் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டபின் விருதுநகர். நூலகத் தேடலில் ‘விருதுநகர்’ என்று மட்டும் தட்டுபவருக்கு 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் பற்றிய ஆவணங்கள் கிடைக்கமாட்டா. அவை திருநெல்வேலிக் கலவரம் என்னும் தலைப்பில் கிடக்கும். 1972இல் வெளிவந்த மாவட்ட விவரச்சுவடி இராமநாதபுரத்தின் பெயரைத் தாங்கியது. எண்பதுகளின் நீதிமன்ற ஆவணங்களில் காமராசர் மாவட்டம் வரும். ஒரு பதிவின் குறிப்புரையில் ‘இப்பகுதி அன்று இம்மாவட்டத்தில் இருந்தது’ என்னும் ஒரு வரி, அடுத்து வரும் ஆய்வாளருக்குச் சில வாரங்களை மிச்சப்படுத்தும்.

ஒரே பெயரில் இரு தீர்ப்புகள்

சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஆய்வேடுகளின் நூற்பட்டியலில் ‘எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு’ என்னும் பதிவு தவறாமல் இடம்பெறும். அதன் ஆண்டு சிலவற்றில் 1990; சிலவற்றில் 1991, 1996, 1997. இவற்றுள் ஒன்று சரி, மற்றவை அச்சுப்பிழை என்று மாணவர் எண்ணிக்கொள்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. உண்மையில் நான்கும் சரியாக இருக்கலாம்.

உச்ச நீதிமன்றத்தில் 1986ஆம் ஆண்டின் 465ஆம் எண் நீதிப்பேராணை மனுவில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. முதலாவது 1990இல் வழங்கப்பட்டு 1991ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அச்சானது. இரண்டாவது 1996 டிசம்பர் 10 அன்று வழங்கப்பட்டது, எஸ்.சி.சி. தொகுப்பில் அது 1996ஆம் ஆண்டிலும் ஏ.ஐ.ஆர். தொகுப்பில் 1997ஆம் ஆண்டிலும் இடம்பெற்றது. மனு எண் ஒன்று, மனுதாரர் ஒருவர், எதிர்மனுதாரர் ஒருவர். தீர்ப்புகளோ ஒன்றல்ல. முதல் தீர்ப்பு உற்பத்திப் பணியை ஆபத்தானதாகக் கொண்டு குழந்தைகளை அதிலிருந்து விலக்கியது. ஆயினும் உற்பத்தி இடத்துக்கு அப்பால் நடக்கும் பொதிவுப் பணியில் அவர்கள் ஈடுபடுவதை ஏற்றுக்கொண்டது. அவர்களுக்கு வயதுவந்தோரின் குறைந்தபட்ச ஊதியத்தில் 60 விழுக்காட்டுக்குக் குறையாமல் தரவேண்டும் என்றது. இரண்டாம் தீர்ப்பு சிவகாசியோடு நில்லாமல் நாடு முழுவதையும் கருத்தில் கொண்டது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்தி மறுவாழ்வு நிதி உருவாக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

இவ்வேறுபாட்டைக் குறிக்காத பதிவு பயனற்றது மட்டுமன்று, தீங்கும் செய்யும். பெட்டியில் பட்டாசு அடுக்கிய ஒரு சிறுமியின் உழைப்பு 1992இல் எவ்வாறு கருதப்பட்டது என்று எழுதும் ஆய்வாளர், 1996ஆம் ஆண்டின் மொழியை அதற்குமுன் ஏற்றிவிடுவார். நீதிமன்றமே ஒரு கட்டத்தில் வரம்போடு அனுமதித்திருந்தது என்னும் சங்கடமான உண்மை வரலாற்றிலிருந்து மறைந்துவிடும். அவ்வுண்மைக்கு இடம்தரும் முதற்பதிவின் குறிப்புரை பின்வருமாறு அமையலாம்:

‘சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் குழந்தைகள் பணிபுரிவது பற்றிய நீதிப்பேராணை மனு மீதான முதல் தீர்ப்பு (1990). உற்பத்திப் பணிக்குத் தடை; பொதிவுப் பணிக்கு நிபந்தனையோடு இசைவு. பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகளின் 1985 இறுதி எண்ணிக்கையைத் தருகிறது. அவ்வெண் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது, நீதிமன்றம் தானே கணக்கெடுத்தது அன்று. பதிவுபெறாத ஆலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் இதனைச் சான்றாகக் கொள்ளவியலாது. இதே பெயரிலும் மனு எண்ணிலும் 1996இல் வந்த தீர்ப்போடு சேர்த்துப் படிக்க வேண்டும்.’

இதில் புகழ்ச்சி இல்லை. ‘பெரிதும் பயன்படும்’ என்னும் தொடர் இல்லாமலேயே இதன் பயன் விளங்குகிறது.

எண்ணின் வழி

மேற்கண்ட மாதிரியில் சுட்டிய எண்ணிக்கை தனியே கவனிக்கத் தக்கது. 1985 டிசம்பர் 31 நிலவரப்படி 221 பதிவுபெற்ற தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர் இருந்தனர். அவர்களுள் 2,941 பேர் குழந்தைகள் என்று முதல் தீர்ப்பு குறிப்பிடுகிறது. அதாவது ஏறத்தாழ 10.8 விழுக்காடு. அதே பத்தாண்டில் சிவகாசியைப் பற்றி எழுதியோரிடம் 45,000 குழந்தைகள் என்னும் எண் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒன்று மற்றொன்றைப் போலப் பதினைந்து மடங்கு.

வகுப்பறையில் இவ்விரு எண்களையும் அருகருகே எழுதினால் மாணவர் உடனே ஒருபக்கம் சாய்வர். சிலர்க்கு 2,941 அரசும் முதலாளிகளும் சேர்ந்து மறைத்த எண். சிலர்க்கு 45,000 தன்னார்வ அமைப்புகள் ஊதிப் பெருக்கிய எண். பட்டாசு ஆலையில் வேலை பார்ப்போரின் பிள்ளைகளும் சிறுமுதலாளிகளின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமரும் சிவகாசிக் கல்லூரிகளில் இச்சாய்வு வெறும் கருத்து வேறுபாடாக இராது. அங்குதான் குறிப்புரை எழுதும் பயிற்சி தன் வேலையைத் தொடங்குகிறது. முதல் எண் பதிவுபெற்ற ஆலைகளுக்கு உரியது. தீப்பெட்டிக்கு மட்டும் உரியது. ஒரு குறிப்பிட்ட நாளுக்கு உரியது. இரண்டாவது எண்ணைச் சொல்லும் ஒவ்வோர் எழுத்திலும் அது பட்டாசையும் உட்படுத்துகிறதா, வீடுகளில் பெட்டி ஒட்டிய குழந்தைகளைச் சேர்க்கிறதா, வயதெல்லை எது, நேரே எண்ணியதா மதிப்பிட்டதா என்று கேட்க வேண்டும். விடை கிடைக்காத இடங்களில் ‘எண்ணின் மூலம் தரப்படவில்லை’ என்று எழுத வேண்டும். பாயிரம் ‘வழி’ என்றது இதைத்தான் என்று கொள்வதில் தவறில்லை.

ஒரே எண்ணைப் பத்து நூல்கள் சொல்வதனால் அதற்குப் பத்துச் சான்றுகள் இருப்பதாகாது. பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கலாம். 1976இல் தமிழ்நாடு அரசுக்காக ஹர்பன்ஸ் சிங் தந்த அறிக்கை இவ்வகையில் அடிக்கடி பேசப்படுகிறது. பேசுவோர் எத்தனை பேர் அதனைக் கண்டிருப்பர் என்பது வேறு கேள்வி. காணாத மூலத்தைக் கண்டதுபோல் நூற்பட்டியலில் சேர்ப்பது தமிழ் ஆய்வேடுகளில் குற்றமாகவே கருதப்படுவதில்லை. ‘இன்னார் வழி மேற்கோள்’ என்று எழுதக் கூச்சப்படும் பழக்கத்தை நெறியாளர்களே வளர்த்துவிட்டனர்.

நூல்களின் பார்வை எல்லை

ஸ்மிது கோத்தாரி 1983 ஜூலையில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய நீண்ட கட்டுரை தீக்குச்சியின் மேல் படிந்த குருதியைத் தலைப்பிலேயே கொண்டது. அது அம்பலப்படுத்தும் எழுத்து. அவ்வகையில் அதன் வலிமை பெரிது. மைரன் வீனரின் 1991ஆம் ஆண்டு நூல் சிவகாசியை ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கட்டாயக் கல்வியை இந்திய அரசு நடைமுறைப்படுத்தாததற்கு வறுமையைவிட ஆள்வோர், கல்வியாளர் ஆகியோரின் மனப்பாங்கே காரணம் என்பது அதன் வாதம். இவ்விரண்டையும் ‘குழந்தைத் தொழிலாளர் பற்றிய நூல்கள்’ என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடுக்கும் நூலடைவு இரண்டின் கருத்து மோதலைப் புதைத்துவிடுகிறது.

இராபர்ட் ஹார்ட்கிரேவ் (1969), டென்னிஸ் டெம்பிள்மேன் (1996) ஆகியோரின் நாடார் பற்றிய ஆய்வுகளுக்கு எழுதப்படும் குறிப்புரைகளில் வேறொரு குறை. இரண்டும் ஆழமான நூல்கள். 1899ஆம் ஆண்டுக் கலவரத்தையும் உறவின்முறை அமைப்பையும் புரிந்துகொள்ள அவையின்றி முடியாது. ஆனால் அவற்றின் மையம் ஒரு சமூகத்தின் எழுச்சி. எம். புதுப்பட்டி போன்ற சிற்றூர்களிலிருந்து ஆலைக்குச் செல்லும் பல சாதித் தொழிலாளர் அதன் ஓரத்தில்தான் நிற்பர். இதனைக் குறை என்று எழுதத் தேவையில்லை. எல்லை என்று எழுதினால் போதும்.

சலம் பென்னூர்க்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம். ச. தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ சிறுகதை. அதை அடியொற்றி 2008இல் சசி இயக்கிய ‘பூ’ திரைப்படம். தமிழ்த்துறை மாணவர்க்கு மிகவும் பழகிய சான்றுகள் இவையே; குறிப்புரை மிகவும் தளர்வதும் இவற்றில்தான். திரைப்படத்தின் பட்டாசு ஆலைக் காட்சிகளைக் கொண்டு சிறுகதையை விளக்கும் போக்கு பரவலாக உள்ளது. கதைக்கு ஒரு பதிவு, படத்துக்கு ஒரு பதிவு, இரண்டுக்கும் இடையே என்ன சேர்ந்தது என்று ஒரு வரி வேண்டும்.

செய்தித்தாளும் ‘உராய்வும்’

அண்மைக்காலம் பற்றி எழுதுவோர்க்கு நாளிதழ்ச் செய்தியே பெரும்பாலும் ஒரே சான்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் இறந்தோர் தொகை 38 என்றும் 40 என்றும் எழுதப்படுகிறது. 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் நேர்ந்த விபத்துச் செய்திகளிலும் முதல் சில மணி நேரத்து எண்ணும் அடுத்த நாள் எண்ணும் வேறுபட்டன. எம். புதுப்பட்டி என்னும் பெயர் இத்தகைய செய்திகளில் பெரும்பாலும் ஊராக வருவதில்லை. வழக்குப் பதிந்த காவல் நிலையமாக வருகிறது. ஊர்ப்பெயரைத் தேடிச் செய்திகளை எண்ணும் மாணவர், அங்கேயே அத்தனை விபத்தும் நிகழ்ந்ததாகக் கணக்கிட்டுவிட நேரும்.

விபத்தின் காரணமாக இச்செய்திகள் தரும் சொல் பெரும்பாலும் ‘உராய்வு’. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது தீ எப்படிப் பற்றியது என்பதற்கு விடை. இத்தனை பேர் ஏன் இறந்தனர் என்பதற்கு விடை அன்று. அறைக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனரா, அறைகள் உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தனவா, ஆலையின் உரிமம் மாவட்ட வருவாய் அலுவலர் தந்ததா, சென்னையிலிருந்து பெற்றதா, நாக்பூரிலிருந்து பெற்றதா என்பவை பிந்திய விசாரணைகளில் வருபவை. அன்று மாலையே எழுதப்பட்ட செய்தியை விபத்தின் காரணத்துக்குச் சான்றாக ஆளும் ஆய்வேடு, இறந்த தொழிலாளியின் கைமேலேயே பழியைச் சுமத்திவிட்டுப் போகிறது. ‘நிகழ்ந்த நாளின் செய்தி, காரணம் பற்றிய கூற்று காவல்துறையின் முதல் தகவலை ஒட்டியது, பிந்திய விசாரணையோடு ஒப்பிடப்படவில்லை’ என்று பதிவின் கீழ் எழுதினால் அப்பழி அத்தனை எளிதாக நகராது.

மணிமருந்து, உள்குத்தகை, போர்மேன் ஆகிய சொற்களின் பொருள் அவ்வட்டார மாணவர்க்கு அகராதி பார்க்காமலே தெரியும். அவர்களை மதிப்பிடும் புறத்தேர்வாளர்க்குத் தெரியாது. நாக்பூர் உரிமம் என்றால் என்ன அளவு ஆலை என்பதும் அப்படியே. தம் வீட்டில் பேசப்படும் இவ்வறிவை நூலடைவில் வைப்பதற்கு இடமில்லை என்றே மாணவர் கருதுகின்றனர். ஒரு செய்தியின் கீழ் ‘இதில் போர்மேன் எனக் குறிக்கப்படுபவர் மருந்துக் கலவையை மேற்பார்ப்பவர், உரிமதாரர் அல்லர்’ என்று அவர்கள் எழுதும் ஒரு வரியை நெறியாளர் ‘சான்று எங்கே’ என்று அடித்துவிடாமல், யாரிடம் எப்போது கேட்டறிந்தது என்று குறிக்கச் சொன்னால், நேர்காணல் என்னும் அடுத்த பதிவுக்கு அங்கேயே எண் விழும்.